செல்வகுமாரி படித்த ஈசிஜி

நர்ஸ் செல்வகுமாரி ஈசிஜி படிக்கக் கற்றுக்கொண்டது செத்துப்போன அப்பாவுக்காக. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காகிதத்தில் கோடு வந்தது. அதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஆள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

பாகூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்ததும், எங்கே பயிற்சி நடந்தாலும் பஸ் பிடித்து ஓடினாள். முதலில் துடிப்பின் வேகம், அப்புறம் சீர், அப்புறம் ஒவ்வொரு அலையாக, கடைசியில் கோடு எங்காவது மேலே தூக்கியிருக்கிறதா என்று. வரிசை தப்பினால் கண் ஏமாற்றிவிடும் என்பார் பயிற்சி டாக்டர். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டும் அவள் கோடுதான் பார்த்தாள். புருஷன் கலைவேந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

கரும்பு வெட்டு நடந்த சமயம், கிருமாம்பாக்கத்திலிருந்து அவள் சித்தப்பா பக்கிரி வந்தார். நம் ஊர்களில் யாருக்கும் நெஞ்சுவலி வருவதில்லை, வாயுதான் வரும்! அவரும் சோடா, பெருங்காயத் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். செல்வகுமாரியே ஈசிஜி எடுத்து வரிசையாகப் படித்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“ஹார்ட்ல ஒண்ணுமில்ல சித்தப்பா.”

“அதான் சொன்னனே, வாயுதான். இன்னும் வலி கீது, தானா போயிடும். மில்லு லாரி நிக்குதும்மா, நான் வரேன்.”

வலி நிற்கவில்லை என்றால் காகிதத்தை நம்பாதே, ஆளை உட்காரவைத்துத் திரும்ப எடு என்பதும் அவள் படித்த பாடம்தான். பாழாய்ப்போன சந்தோஷம் அதை மறக்கடித்தது. யார் துணையும் இல்லாமல் முழுசாக ஒன்றைப் படித்துவிட்டாளே! சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். பக்கிரி கரும்புக் கட்டோடு லாரிப் பக்கத்திலேயே சாய்ந்தார். தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை.

காரியத்தன்று பங்காளி ஒருவர், “நர்சு சரியா பாக்கலியோ இன்னாவோ” என்று இழுத்தார். சித்தி தனக்கொடி சீறி விழுந்தாள்.

“இன்னா பேச்சு பேசற? எம் பொண்ணு படிச்சிப் பாத்துதான் சொல்லுச்சி. அவருக்கு ஆயுசு அவ்ளோதான்.”

திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பாள் செல்வகுமாரி. இப்போது உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்பாவுக்கு ஆள் இல்லாமல் போயிற்று, சித்தப்பாவுக்கு ஆள் இருந்தும் உயிர் போயிற்று. இதற்கா இத்தனை படிப்பு?

தனக்கொடி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“இனிமே யாருக்கு நெஞ்சு அடச்சாலும் நேரா எம் பொண்ணுகிட்ட போங்க.”

எல்லோரும் சரியென்று தலையாட்டினார்கள்.