அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒரு ஃப்ளாப்பி

என் கணவருக்கு அம்மை போட்டிருந்தபோதுதான் அவருடைய ஆபீசில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

அதுவரை அவருடைய வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொம்பக் கொஞ்சம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்பு கம்பெனி. அதில் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புகிற டிஸ்பேட்ச் செக்‌ஷன். பில் போடுகிற கம்ப்யூட்டர் அவர் பொறுப்பில் இருந்தது. காலையில் கவரைப்பேட்டையில் ரயில் ஏறுவார், சாயங்காலம் திரும்பி வருவார். தட்டில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு லோடு ஜாஸ்தி" என்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது. கல்யாணமாகி இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஆர்.கே.பேட்டையில் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பகல் முழுக்க வாடகை வீட்டு மாடியில் தனியாக இருப்பேன்.

கொப்புளம் முகத்துக்கு ஏறியிருந்த சமயம் ஒரு நாள் காலையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"சார் இருக்காரா? டிஸ்பேட்ச்ல இருந்து பேசறேன்." இளம் குரல். மூக்கடைத்திருந்தது.

தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த மனுஷர் எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லும்மா... அழுவாத. ஸ்க்ரீன்ல இன்னா வந்துக்கீது? படி. பொறுமையா படி, ஒண்ணும் அவசரமில்ல."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கென்று அவர் வைத்திருந்த குரல் வேறு. "ஏய், எங்க என் கர்ச்சீப்பு?" என்கிற குரல் அது.

விஷயம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் உள்ளே போனால்தான் பில் போடுகிற சாஃப்ட்வேர் ஓடும். அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரியும். குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தரம் அதை மாற்றியே ஆக வேண்டும் என்று மெட்ராஸ் ஹெட் ஆபீசில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். லீவு எடுக்கும்போது வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணிடம் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறார். இவர் படுத்திருந்த நேரத்தில் கெடு முடிந்துவிட்டது. பழசு காலாவதி, புதுசு கொடு என்று கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் உள்ளே விட மறுத்தது.

அவர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கொஞ்சம் வெளிய இரு."

"எதுக்கு?"

"புது பாஸ்வேர்டு சொல்லணும். யார் காதுலயும் விழக் கூடாது."

"நான் யாரோவா?"

"ஏய், போயேன்."

போனேன். நிலைப்படியில் செருகிய வேப்பிலைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே என் புருஷன் நான் கேட்கக் கூடாத ஒரு வார்த்தையை, எழுத்து எழுத்தாக, இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தை காதில் விழவில்லை. "சபாஷ்" மட்டும் விழுந்தது. நான் வைத்த எந்தக் குழம்புக்கும் அவர் சபாஷ் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் திரும்பவும் போன். முந்தின நாள் உள்ளே போயிருக்கிறாள், வேலையும் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், அந்தப் புதுப் பாஸ்வேர்டையே தப்பு என்கிறதாம்.

"ஷிப்டை அழுத்திக்கினு அடிச்சியா?... எந்த ஷிப்டா? காலை ஷிப்டு இல்லம்மா, கீபோர்டுல கீதே, அந்த ஷிப்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உதட்டில் கொப்புளம் இழுத்து வலித்திருக்கும். வலியோடு சிரித்தார். அடுப்படியில் தாளிக்காத கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. அன்றைக்கு எத்தனை தரம் போன் வந்ததோ, அத்தனை தரமும் கரண்டியை வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். அவள் என்ன தப்பு செய்தாள் என்பது அவருக்கும் பிடிபடவில்லை. கேட்டது ஒன்று, அடித்தது ஒன்றாக இருக்கும் என்றார். ஆனால் அவளைத் திட்டவில்லை. பாலைப் பொங்கவிட்டதற்கு என்னைத் திட்டியது ஞாபகம் வந்தது.

பிற்பகலில் மேனேஜரே கூப்பிட்டார். லாரிகள் வரிசையாக நிற்கின்றன, பில் இல்லாமல் ஒரு வண்டிகூட வெளியே போக முடியாது, ஹெட் ஆபீஸ் ஆள் இந்த வாரம் வர மாட்டானாம் என்று கத்தியது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு இவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு, "பீரோவுல கல்யாண ஆல்பத்துக்கு அடியில ஒரு ஃப்ளாப்பி இருக்குதா பாரு" என்றார்.

இருந்தது. கறுப்பாக, சதுரமாக. கம்ப்யூட்டர் வந்த புதிதில், பாஸ்வேர்டு மறந்துபோனால் திறப்பதற்கென்று அவர் எடுத்து வைத்த டிஸ்க். பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றியிருந்தாலும் அதைப் போட்டால் புதுசு கொடுக்க விடுமாம். ஆனால் அம்மை போட்ட வீட்டு வாசலுக்குக் கம்பெனியிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

"நான் எடுத்துக்கினு போறேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். யோசித்துவிட்டுச் சொன்னார். "உள்ள போவாத. அந்தப் பொண்ண கேட்டுக்கு வரச் சொல்றேன். டிஸ்க்க குடு, போன்ல சொன்னா மறுபடி தப்பாயிடும், புதுப் பாஸ்வேர்டு ஒண்ணு சொல்றேன், அத அவ காதுல சொல்லு, அடுத்த ரயில புடி."

"உள்ள போனா இன்னா?"

"அம்மைன்னா பயப்படுவாங்கடி."

நான் அதை நம்பவில்லை.

மறுநாள் குளித்துவிட்டு, நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த ரோஸ் கலர் புடவையைக் கட்டினேன். பவுடர் போட்டேன். கீழ்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "ஆத்தா எறங்காத ஊட்ல பவுடரா? எங்கம்மா கெளம்பிட்ட?" என்று வாயில் கை வைத்தார். ஆபீஸ் வேலை என்றேன். அப்படிச் சொல்லிப் பார்த்தபோது நன்றாக இருந்தது.

ஆனால் ஹேண்ட்பேகைத் தோளில் மாட்டும்போது இவர் படுக்கையிலிருந்தே தடுத்தார். "அதுல வெக்காத. அந்த பட்டன்ல காந்தம் இருக்குது, டிஸ்க்கு காலியாயிடும்." கடைசியில் ரோஸ் கலர் புடவையும் ஜவுளிக் கடை மஞ்சள் பையுமாகத்தான் ரயில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன்தான் கும்மிடிப்பூண்டி. போய்ச் சேரும்வரை அந்தப் பாஸ்வேர்டை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு டாலர் குறி, பிறகு எண்கள். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி நான் ஏதோ ஸ்லோகம் சொல்வதாக நினைத்திருக்கலாம்.

ஷேர் ஆட்டோவில் இறங்கியபோது கேட்டுக்கு வெளியே லாரிகள் ரோடு ஓரமாக நின்றன. டிரைவர்கள் நிழலில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். கேட் அருகே அவள் நின்றிருந்தாள்.

அழகாக இருந்தாள். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒல்லியான உடம்பு, துப்பட்டாவைத் தோளில் பின் குத்தியிருந்தாள், கழுத்தில் போட்டோ வைத்த கார்டு தொங்கியது. கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. என் பவுடர் முகத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அக்கா, நீங்களா? சார் சொன்னாரு."

பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களும் வாங்கக்கா. நான் திருப்பி தப்பா அடிச்சிட்டா வேலையே போயிடும். மேனேஜர் நேத்தே சொல்லிட்டாரு."

"அம்மை போட்ட ஊட்ல இருந்து வர்றேன்மா."

"எனக்கு சின்ன வயசுலயே வந்து போயிடுச்சுக்கா. ரூம்ல நான் மட்டுந்தான் இருப்பேன், வாங்க."

செக்யூரிட்டி இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்று எங்களை உள்ளே விட்டார்.

சின்ன அறை. ஒரே மேஜை, கம்ப்யூட்டர், ஒட்டினாற்போல் இரண்டு நாற்காலி. "இதான் சார் சீட்டு, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி என் முழங்கையில் இடித்தது. தினமும் இந்த இடைவெளியில்தான் உட்கார்கிறார்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. அவருடையதாம். வீட்டில் டம்ளரில் தவிர எதிலும் குடிக்க மாட்டார்.

"சார் இல்லாம டல்லா கீதுக்கா. இருந்தார்னா சிரிச்சிக்கினே இருப்போம்."

"யாரு, இவரா?"

"செமையா மிமிக்ரி பண்ணுவாரே. மேனேஜர் மாரியே பேசுவாரு. லாரிக்காரங்கல்லாம் கேட்டு வாங்கி பாப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன். அந்த நிமிஷம் இவள் ஒருத்தி மேல் மட்டும் இல்லை, லாரிக்காரர்கள் மேலும் கேட்டில் நின்ற செக்யூரிட்டி மேலும் எனக்கு எரிந்தது. எல்லாருக்கும் கிடைத்த ஆள் எனக்குக் கிடைக்காமல் போயிருந்தார்.

அவள் வேண்டுமென்றே ஒரு பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாள். தப்பு என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதன் கீழே மாற்றியமைக்க ஒரு பொத்தான் இருந்தது. இத்தனை நாளும் அது இருந்திருக்கிறது. டிஸ்க் இல்லாததால் பிரயோசனப்படவில்லை. ஃப்ளாப்பியைச் செருகினாள். உள்ளே கரகரவென்று அரைத்தது. புதுப் பாஸ்வேர்டு கொடு என்று கேட்டது.

அவள் காதில் சொல்லக் குனிந்தேன். அவளோ கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். "நீங்களே அடிங்கக்கா. எனக்கு பயமா கீது."

டைப்ரைட்டிங் கிளாசை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் விரல்களுக்கு இடம் மறக்கவில்லை. எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக விழுந்தது. இன்னொரு தரம் அடிக்கச் சொன்னது, அடித்தேன். முடிந்தது என்றது. பிறகு அதே பாஸ்வேர்டைக் கொடுத்ததும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நீல வானமும் பச்சை மேடுமாகத் திறந்துகொண்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். "போன்ல சார் மட்டும் திட்டலக்கா. மத்தவங்க எல்லாரும் திட்னாங்க."

போனில் அவர் பேசிய அந்தக் குரலுக்குக் காரணம் விளங்கியது. விளங்கியதால் ஆறிவிடவில்லை. நானும் அழுதிருக்கிறேன். நான் அழும்போது அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொள்வார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டு பில்லைத் தள்ளியது. டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். அவளுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். மீசை நரைத்த ஆட்களை, "அண்ணே, உங்களுது அடுத்தது, கொஞ்சம் நவுருங்க" என்று அதட்டினாள். தாளைக் கிழித்தாள், முத்திரை குத்தினாள், கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துக்காக அத்தனை பெரிய வண்டிகள் காத்து நின்றன. என் கையெழுத்தை நான் கடைசியாகப் போட்டது கல்யாணப் பதிவில்.

"ஊட்ல வேலைக்கு அனுப்பிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க நைனா வேணாம்னாரு. சண்ட போட்டுக்கினு வந்தேன். ஆரம்பாக்கத்துல எங்க தெருவுல நான்தான் மொதல்ல."

அவள் என் புருஷன் பக்கத்தில் உட்கார்வதைப் பற்றி அதன் பிறகு எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிதான். கழுத்தில் தொங்கிய கார்டு வேண்டும். அந்தக் கையெழுத்து வேண்டும். ரயிலில் திரும்பும்போது அந்தப் பொறாமை முன்னதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டில் இவர் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "ஆச்சா?"

"ஆச்சு. நான்தான் அடிச்சேன்."

"நீயா? எதுக்கு உள்ள போன?" என்றார். பிறகு, "ஷிப்ட்டெல்லாம் சரியா அழுத்தினியா?" என்று கேட்டார்.

"நான் லோயர் பாஸ்." புடவையை மாற்றாமலே அவர் எதிரில் உட்கார்ந்தேன். "மிமிக்ரி பண்ணுவீங்களாமே?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பண்ணுங்க. மேனேஜர் மாதிரி."

"அம்மையோட இன்னாடி மிமிக்ரி..."

நான் எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு பண்ணினார். முந்தின நாள் போனில் கத்திய அதே குரல். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபமும் வந்தது.

"அன்னிக்கு என்னை வெளிய போவச் சொன்னீங்க. நேத்து கூப்ட்டு காதுல சொல்றீங்க."

"அன்னிக்கு நீ தேவப்படல. நேத்து வேற வழியில்ல." ஒளிக்காமல் சொன்னார்.

"அவ அழுதா பொறுமையா பேசறீங்க. நான் அழுதா பேப்பர் படிக்கிறீங்க."

"அவ எதுக்கு அழுவுறான்னு தெரியும். சரி பண்ணவும் தெரியும். நீ எதுக்கு அழுவுறன்னு எனக்குத் தெரியல. பேஜாரா இருக்கும். அதான் பேப்பர எடுத்துக்குவேன்."

பொய் இல்லை என்று தெரிந்தது. ஆறுதலாகவும் இல்லை. "பகல் பூரா தனியா கெடக்கிறேன். அதுக்குத்தான் அழுவுறேன்" என்றேன். அதை அன்றுதான் முதல் தரம் வாய்விட்டுச் சொன்னேன்.

தலைக்குத் தண்ணீர் விட்டு அவர் வேலைக்குப் போன பிறகு, பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் கிளாசில் சேர்ந்தேன். "எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். வேலைக்குப் போகத்தான் என்றதும் விட்டுவிட்டார். அந்தப் பெண் கல்யாணமாகி வேலையை விட்டுப் போனாள். அவள் இடத்துக்கு நான் வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே செக்‌ஷனில் கூடாது என்றார்கள். வேறு ஒருத்தி வந்தாள். அவள் குரலும் வீட்டுப் போனில் வந்தது. நான் மறுபடியும் கதவோரம் போய் நின்றேன்.

அடுத்த வருடம் அதே சிப்காட்டில் இரண்டு தெரு தள்ளி, ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ஒரே ரயிலில் போனோம், திரும்பும்போதும் ஒன்றாகவே வந்தோம். அவர் தன் ஆபீஸ் கதையைச் சொல்வார், நான் என் ஆபீஸ் கதையைச் சொல்வேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பாதிதான் காதில் வாங்குவார். நானும் அவர் சொல்வதில் பாதிதான் கேட்பேன்.