கட்டம் போட முடியாத முகம்

அந்தப் படத்தின் முன்னால் நிற்க நேரும்போதெல்லாம் அதன் கண்ணாடியில் பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். வருசக்கணக்காகக் குங்குமம் பட்டு அந்த இடம் மங்கிக் கிடக்கும். அதற்குக் கீழே இரண்டு கண்கள் இருக்கின்றன. வரைந்தவன் நான்தான். ஆனாலும் அவற்றை நேராகப் பார்க்க எனக்குப் பயம்.

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. கடைப் பலகை எழுதுகிற ஒரு சீன முதலாளியிடம், தௌக்கே என்போம், வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்தை விட எனக்குப் படம்தான் வந்தது. தியேட்டர் வாசலில் வைக்கிற பெரிய பேனர்களை என்னிடமே விட்டுவிட்டார். அதற்கு ஒரு முறை உண்டு. சினிமாக் கம்பெனிக்காரர்கள் அனுப்பும் சின்னப் போட்டோவின் மேல் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கட்டம் போட வேண்டும். துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். பிறகு ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொரு கட்டத்துக்கு மாற்றினால் போதும். மூக்கு என்று நினைக்காதே, கட்டம் என்று நினை என்பார் தௌக்கே. எனக்கு அது பிடித்திருந்தது. தப்பு வந்தால் எந்தக் கட்டத்தில் வந்தது என்று விரலை வைத்துக் காட்டலாம். நான் சுபாவத்திலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தார்ச்சடக்குவரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிறவன்.

மலாக்காவில் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தார். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து வீடுகளில் துணி துவைத்துப் பிழைத்தவர். அவர் கணவரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனான். மலாக்காவுக்கு இருந்த தண்டவாளத்தையும் அப்போது பெயர்த்து அங்கேதான் கொண்டு போனார்கள். ஆளும் வரவில்லை, தண்டவாளமும் வரவில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லாததால் அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கணவர் போனபோது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இப்போது பதினாறு வயது.

மெர்டேக்கா வந்து, நாடு சுதந்திரமாகி, ஓராண்டு ஆகியிருக்கும். எங்கு பார்த்தாலும் புதுப் பலகை, புதுச் சாயம். தௌக்கேக்கும் எனக்கும் சோறு தின்ன நேரமில்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பசியாறியாச்சா தம்பி?"

"ஆச்சுக்கா. உட்காருங்க."

உட்காரவில்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றார். "பாப்பாவுக்கு இடம் வந்துருக்கு. மாப்பிள்ளை நல்ல பையன். ஆனா அவங்க அம்மா கேக்குது, பொண்ணோட அப்பா இருக்காரா இல்லையா, ஒண்ணைச் சொல்லுங்கன்னு. இருந்தா மணவறைக்கு வரணுமாம். இல்லைன்னா படத்தையாவது வைங்க, பொண்ணு கும்பிட்டுட்டு வரட்டும்கிறாங்க. ஒண்ணுமே இல்லாத வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கிறதுன்னு கேக்குறாங்க."

"படம் இருக்காக்கா?"

"இருந்தா உங்கிட்ட ஏன் வர்றேன்? நீ வரைஞ்சு குடு."

ஒரு போட்டோகூட இல்லை. அதைத்தான் நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எடுத்த போட்டோ? இல்லை. கல்யாணப் போட்டோ? தோட்டத்தில் யார் எடுத்தார்கள்? எதன்மேல் கட்டம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. சரி, சொல்லுங்கள், வரைகிறேன் என்றேன்.

"மீசை இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு. அடர்த்தியா... இல்ல, ஓரத்துல முறுக்கி விட்டுருப்பாரு."

"மூக்கு?"

"மூக்கு மூக்கு மாதிரிதான் இருக்கும், வேறெப்படி இருக்கும்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "பால்வெட்டப் போறப்ப தலையில ஒரு செவப்புத் துண்டு கட்டுவாரு. அந்தத் துண்டைக் கேளு, கரை என்ன, கிழிசல் எங்கன்னு அப்படியே சொல்றேன். முதுகைக் கேளு, சொல்றேன். லாரியில ஏறுறப்ப முதுகைத்தான் பார்த்தேன் தம்பி. திரும்பிப் பார்க்கவே இல்ல."

இரண்டு வாரம் முயன்றேன். ஒரு நாள் நெற்றி அகலம் என்பார், மறுநாள் அவ்வளவு அகலமில்லை என்பார். ஒரு காகிதத்தைப் பார்த்து, "இது என் சின்ன மாமா மாதிரி இருக்கு" என்றார். இன்னொன்றைப் பார்த்து, "போலீஸ்காரன் மாதிரி முறைக்குது" என்றார். கடைசியில் ஒரு முகம் ஏறக்குறைய வந்தது. துண்டு, மீசை, தாடை எல்லாம் பொருந்தின. கண் மட்டும் வரவில்லை. பேனரில் கண்ணைக் கடைசியாகப் போடுவது என் வழக்கம். இங்கே அந்த இரண்டு குழிகளும் வெள்ளையாகவே நின்றன. அதைக் கடையில் ஒரு மூலையில் சாத்தி வைத்திருந்தேன். தௌக்கே பார்த்துவிட்டு, "இனி சியாப்பா? பிந்தாங் பாருகா?" என்று கேட்டார். யார் இது, சினிமாவுக்குப் புது நட்சத்திரமா என்று அவருக்கு வேடிக்கை.

ஒரு நாள் அக்காவின் மகள் துணி மூட்டையோடு கடைப் பக்கம் வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, அப்பா ஏன் இன்னும் கண்ணைத் திறக்கல?"

அவள் போனதும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே விற்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். முறுக்கின மீசை, தலையில் சும்மாடு, அதன்மேல் மரத்தட்டு, தட்டில் கடலையும் பட்டாணியும் முறுக்கும். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுத் தருவார். அவரும் சயாமுக்குப் போனவர்தான். திரும்பி வந்தவர். வந்து பார்த்தபோது பெண்சாதியும் பிள்ளையும் தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டிருந்தார்கள். அவர் நம்மோடு பேசும்போது நம் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்ப்பார். நாமும் திரும்பிப் பார்ப்போம். யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம் ஏணியில் நின்று பேனருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழே அவர் அண்ணாந்து, "தம்பி, கதாநாயகிக்கு ஒரு காது பெருசா இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். அந்தக் கண்கள் நேராக என்மேல் இருந்தன. இறங்கி வந்து கடலை வாங்கினேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து, கூம்பைப் பிரித்து, அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே அவரை வரைந்தேன். அவருக்குத் தெரியாது. கடைக்குப் போய் அதன்மேல் கட்டம் போட்டேன். அப்புறம் கை தானாக ஓடியது. கண்ணுக்காகத்தான் ஆரம்பித்தேன். கண் வந்ததும் புருவம் மாறியது, புருவத்துக்காகக் கன்னம் மாறியது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது முக்கால்வாசி அவர்தான் இருந்தார்.

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அதற்குள் அக்கா வந்துவிட்டார்.

வெகுநேரம் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "இதுதான்" என்றார்.

"நல்லாப் பாருங்கக்கா."

"அதான் சொல்றேன்ல. இதுதான்."

மாப்பிள்ளை வீட்டார் வருகிற வெள்ளிக்கிழமை காலை, படத்தைச் சுவரில் மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ஆணி அடித்தேன், மாட்டினேன். மகள் மல்லிகைச் சரத்தைப் போட்டாள். குங்குமச் சிமிழைத் தேடினாள். அக்கா, வேண்டாம் என்று கையைக் காட்டினார். தன் நெற்றிப் பொட்டை மோதிர விரலால் வழித்தெடுத்தார். அந்த விரலை அப்படியே படத்தின் கண்ணாடியில் வைத்தார். பிறகு முந்தானையால் நெற்றியை ஒரு தடவை துடைத்தார். மகள் அழுதாள். அக்கா அழவில்லை. நான் சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? பொட்டு வைப்பார்களா? தியேட்டர் வாசலில் கடலை விற்றுக்கொண்டிருக்கிற மனிதரை நான் செத்தவராக்கிவிட்டேன். இந்தப் பக்கம், பதினாறு வருசமாகப் பொட்டு வைத்திருந்த ஒருத்தியின் நெற்றியை யாரோ ஒருவர் முகத்தைக் காட்டித் துடைக்க வைத்துவிட்டேன். இரண்டில் எது பெரிய பாவம் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதிலிருந்து தினமும் மத்தியானம் தியேட்டர் வாசலுக்குப் போய் அவர் வந்திருக்கிறாரா என்று பார்த்தேன். அவர் இருமினால் இன்னொரு கூம்பு கடலை வாங்கிக்கொண்டு கூடவே நின்றேன். "என்ன தம்பி, கடலையே தின்னு உயிர் வாழுறியா?" என்று கேலி செய்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவுக்குப் பின்னால் அவர் தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். பாயில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதாரணக் காய்ச்சல்தான். அவரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முகத்தை எடுத்ததையும் மாலை போட்டதையும் பொட்டு வைத்ததையும் சொல்லி, "மன்னிச்சிருங்கண்ணே, சாமி கும்பிட்டுப் படத்தை மாத்திடுறேன்" என்றேன்.

அவர் வழக்கம்போல என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கும்பிடுதா?"

"தினமும் பூ வைக்குதுண்ணே."

"அப்ப எதுக்கு மாத்தணும்?" கொஞ்சம் இருமினார். "அங்க கடைசியில எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான் தம்பி. எலும்பு, ரெண்டு கண்ணு, அவ்வளவுதான். பக்கத்துல கிடக்கிறவன் எந்தத் தோட்டத்து ஆளுன்னு தெரியாம மூங்கில் மறைவுல தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கேன். எத்தனை பேரைன்னு கேக்காத. என் மூஞ்சியில எவனைக் கும்பிட்டாலும் தப்பில்ல."

"நீங்க உயிரோட இருக்கீங்கண்ணே."

"அதை நீதான் சொல்லணும்" என்று சிரித்தார். பிறகு, "கல்யாணம் என்னைக்கு?" என்று கேட்டார்.

கோயில் மண்டபத்தில் கல்யாணம். படத்தை மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலியில் வைத்திருந்தார்கள். பெண் வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "சம்பந்தி முகத்துல என்ன சாந்தம் பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது தூணோரம் புது வேட்டியோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். முதலில் யாரென்று தெரியவில்லை. கச்சாங் பூத்தே அண்ணன்தான், மீசையை எடுத்திருந்தார். மேலுதடு வெளுத்துக் கிடந்தது. யாரும் படத்தையும் அவரையும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று எடுத்திருக்கிறார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. பெண் தலைகுனிந்து தாலி வாங்கிக்கொண்டதைத்தான் பார்த்தார்.

பந்தியில் அக்காவே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கச்சாங் பூத்தே அண்ணனுக்கு அடுத்த இலையில் இருந்தேன். கரண்டி அவர் இலைக்கு மேல் வந்ததும் நின்றது. அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"போதும்மா."

"வெட்கப்படாம சாப்பிடுங்க. உங்க வீட்டுக் கல்யாணம்தான்" என்று இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் அடுக்குகிற இடத்தில் அக்காவிடம் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"மீசையை எடுத்தா கண்ணு தெரியாதா தம்பி?"

"எப்பக்கா தெரிஞ்சது?"

"நீ காட்டின அன்னைக்கே. அந்த ஆளுகிட்ட நான் கடலை வாங்கினதே இல்லையா?"

"அப்புறம் ஏன் இதுதான்னு சொன்னீங்க?"

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "அவரு முகம் எனக்கு மறந்து போயி ஏழெட்டு வருசமாச்சு. யாருகிட்டயும் சொல்லல. பாப்பா கேக்குறப்பல்லாம் பொய்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ எதை வரைஞ்சிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா அந்தக் கண்ணு... அங்க இருந்து வந்த கண்ணு அது. அவரு எதைப் பார்த்தாரோ அதையெல்லாம் பார்த்த கண்ணு. அது போதும்னு தோணுச்சு." ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "பாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

கச்சாங் பூத்தே அண்ணன் அதன் பிறகு பல வருசம் இருந்தார். மீசையைத் திரும்ப வளர்க்கவேயில்லை. அவர் போனபோது படம் வைக்க ஒருத்தரும் இல்லை. நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா எழுந்து விளக்கை ஏற்றினார். எதற்கு இன்றைக்கு விளக்கு என்று வீட்டில் யாரோ கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

ஆயிரக்கணக்கில் பேனர் வரைந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் அடுத்த படத்துக்காக வெள்ளை அடித்து அழித்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த நட்சத்திரங்களையெல்லாம் பார்க்க வேறு இடம் இருந்தது. சயாமுக்குப் போன இவர்களுக்கு இந்த ஒரு படச்சட்டம்தான் இருந்தது. செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பூ வைக்க வந்த கை காற்றில் நிற்காமல் ஓரிடத்தில் பட்டது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அக்காவும் இல்லை இப்போது. மகள் குருபோங்கில் இருக்கிறாள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. போன மாசம் பேரனுக்குக் காது குத்தினார்கள் என்று போயிருந்தேன். கூடத்தில் அதே படம், அதே சட்டம். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து படத்துக்குக் கீழே நின்றாள்.

"மாமா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவன் கண்ணு அப்படியே எங்கப்பா கண்ணுதானே?"

வேறு வழியில்லாமல் நிமிர்ந்தேன். படத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமாம்மா" என்றேன்.