புதன் சாயங்காலம் பிறந்தவளின் பெயர்

எனக்குப் பெயர் இரண்டு. பர்மாவில், தாமுவேயில் எங்கள் வீட்டுக்குள் தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பெயர். என் பிரசவத்தன்று நர்ஸ் அட்டைப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். என் கணவர், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வலியே மறந்துபோனது. மகளுக்கு ஒரே பெயர்தான், வீட்டிலும் வெளியிலும் எல்லாரும் அதைத்தான் கூப்பிட வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

இங்கே பெயரைத் தொடங்க, பிறந்த கிழமைக்கென்று எழுத்து உண்டு. புதனுக்கு ‘ல’. லீலா என்று முடிவு செய்தோம். பெயர் வைக்கும் காலையில் மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா அண்டாவோடு மேலே வந்தார் கீழ்வீட்டு பர்மிய அத்தை.

“எத்தனை மணிக்குப் பொறந்தா?”

“சாயங்காலம் நாலு” என்றேன்.

“அப்ப புதன் இல்லையே! மத்தியானத்துக்கு மேல ராகு. எழுத்தே வேற, ‘ய’, ‘ர’.”

எங்கள் இருவருக்குமே அது ஞாபகம் வரவில்லை. கணவர் முகம் வெளிறிவிட்டது. “ஐயையோ, ராகுவா? வெள்ளிக்கிழமைன்னு எழுதிக்கலாமே!”

“ஏன், திரும்ப உள்ள வச்சு வெள்ளிக்கிழமை எடுப்போமா?” என்றேன். பர்மியருக்கு ராகு வாரத்தில் எட்டாவது நாள், அவ்வளவுதான். பயமெல்லாம் நமக்கு.

அத்தை கொஞ்சம் யோசித்து, “யதனா” என்றார்.

தினமும் காதில் விழுகிற சொல்தான். அது நம் ரத்னா என்று அன்றுதான் உறைத்தது. சமஸ்கிருதத்தில் ரத்னம், பிக்குகள் ஓதும் பாலியில் ரதன, தமிழில் ரத்தினம், பர்மியர் வாயில் யதனா. எங்கே போனாலும் மணிதான், செல்வம்தான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ரத்னா என்றே பதிவு செய்தோம்.

மூன்று வயதில் பாலர் பள்ளியில் சேர்க்கப் போனோம். டீச்சர் குனிந்து பெயர் கேட்டார். மகள் முழித்தாள்.

“ரத்னான்னு சொல்லுடி” என்றேன்.

“அது யாரும்மா?” என்றாள் என்னிடம். பிறகு டீச்சரைப் பார்த்து, பள்ளிக்கூடமே கேட்கும்படி, “பாப்பா!” என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். நான், அவர், கீழ்வீட்டு அத்தை, தெருவில் காய்கறி விற்கிறவள் வரை, இந்த மூன்று வருஷமும் எல்லாரும் ஒரே பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறோம்.