சொல்லாமல் தீட்டிய கத்தி

என் மனைவியின் இடது கை ஆள்காட்டி விரல் மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். கத்தி அவள் கையில் இருந்தது. வெட்ட வைத்தவன் நான்.

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினில் தீட்டிய பிளேடை மாட்டினால், அந்தப் பக்கம் வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. மொன்னைக்குப் பழகிய கை அழுத்திவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் சாப்பிட வந்திருந்தார். அவள் நறுக்கிய தக்காளி நசுங்கிச் சுவரில் பீச்சியது.

"என்ன மாப்ளே, ஊர்க் காலண்டரெல்லாம் வெட்டுதீக, வீட்டுத் தக்காளிக்கு ஒரு கத்தி இல்லையாக்கும்?" என்றார் அவர்.

"அவுக வாய் மட்டுந்தாண்ணே கூர்மை" என்று அவள் சிரித்தாள்.

அவர் போனதும் சாணைக்கல்லை நனைத்து, சமையல் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. அந்த வாயிலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. கத்தியைத் திருப்பிப் போட்டு, ஓரத்தில் எழுந்த பிசிறையும் எடுத்தேன். காலண்டர் தாளில் வைத்தேன். சத்தமில்லாமல் இறங்கியது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. பட்டால் தெரியட்டும் என்று நினைத்தேன். மறந்துபோய்விட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய்.

சாயங்காலம் சேனைக்கிழங்கை வைத்து, வழக்கம்போல் பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். கத்தி கிழங்கைத் தாண்டி விரலில் எலும்புவரை இறங்கியது. அலறல் கேட்டு ஓடினேன். பிளந்த சதைக்குள் நரம்பு வெள்ளையாகத் தெரிந்தது. மேடையிலிருந்து ரத்தம் அவள் பாதத்தில் சொட்டியது. அப்போதும் நான் கத்தினேன்: "ஏட்டி, பாத்து வெட்டத் தெரியாதா?"

"எம் மேலதாங்க தப்பு" என்றாள்.

தையல் போட்டும் விரல் மடங்கவில்லை. தழும்பைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனில வெடிச்சது, அக்கா?" என்று கேட்பார்கள். பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்கத் தோன்றும். "வீட்டுக் கம்பெனிலதான்" என்று சிரிப்பாள்.

போன மார்கழியில், குளிருக்கு வலிக்கிறதென்று விரலை நீவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நறுக்குகிற வேலை முழுவதும் என்னுடையது என்றும் சொன்னேன்.

"தெரிஞ்சேவா வச்சீக?"

"தெரிஞ்சுதான்."

"அன்னைக்கு ஆஸ்பத்திரில உங்க தோள்ல சாஞ்சுல்ல அழுதேன்."

மறுநாள் மகளை வரவழைத்து, அவளிடமும் என்னையே சொல்ல வைத்தாள். சொன்னேன். மகள் அம்மாவை விருதுநகருக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் காய்கறி நறுக்கி எடுத்துக்கொண்டு போகிறேன். மகள் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறாள். சமைக்கிறார்களா, கொட்டுகிறார்களா, தெரியாது. போன வாரம் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"அவுகளுக்குக் காப்பி குடுத்து அனுப்பிரு. உள்ள கூப்பிடாத."

நின்றபடியே குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.