லாபம், ரெண்டு, மூணு

1943 பிப்ரவரி 18, வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணி. பனி விலகவில்லை. விக்கிரவாண்டிக்கு வெளியே மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கொல்லை ஒன்றில் குப்புறப் படுத்திருந்தேன். பட்டாளத்தில் பாலம் கட்டவும், பாலத்தை உடைக்கவும், காலாட்படைக்கு முன்னே போய்க் கண்ணிவெடி எடுக்கவும் பழக்குகிற பிரிவு எங்களுடையது. திண்டிவனத்தில் பள்ளி இறுதி வரை படித்த நான், பாலத்துக்கு ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன்.

கொல்லைக்குள் பன்னிரண்டு வெடி புதைத்திருந்தார்கள். பயிற்சிக்கு என்பதால் மருந்து குறைவு. அந்தக் குறைந்த மருந்துதான் முந்தின வாரம் ஒருவனுடைய குதிகாலைக் கொண்டுபோயிருந்தது. துப்பாக்கிக் கத்தியைச் சாய்த்து, இரண்டு விரற்கடைக்கு ஒரு குத்தாகக் குத்திப் பார்த்துக்கொண்டே ஊர வேண்டும். எடுக்க எடுக்க எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். ஓரத்தில் நிற்கும் ஹவில்தார் கேட்டுக்கொள்வார். முடிந்ததும், எடுத்தவர்களே முதலில் அந்த நிலத்தின் மேல் நடந்து காட்ட வேண்டும். அதை நினைத்து இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

என் ஜோடி கோலியனூர்க்காரன், நெல் களத்திலேயே வளர்ந்தவன். அவன் கத்தி முதலில் இரும்பில் பட்டது. "லாபம்!" என்று கத்தினான். களத்தில் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்பதில்லை, லாபம் என்பார்கள். பிறகு "ரெண்டு, மூணு" என்று ஏறி, "பன்னெண்டு!" என்று முடித்தான்.

வெடிகளை லாரியில் ஏற்றும்போது எண்ணினேன். பதினொன்று. அதற்குள் லாரி கிளம்பிவிட்டது. ஹவில்தாரிடம் ஓடினேன்.

"ஐயா, ஒண்ணு உள்ளயே கீதுங்க."

"பன்னெண்டுன்னு என் காதால கேட்டேன். ஜல்தியா நட."

"முடியாதுங்க."

"ரெண்டாந்தரம் சொல்றேன். நட!"

"முடியாதுங்க."

ஜோடி சிரித்தான். "வாத்தியாரே, எண்ணி எண்ணியே சாவப்போற. நான் முன்னால போய்க்கினு இருக்கேன், பின்னால வா."

அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். "லாபம்னியே, அது எதுடா?"

"இதான்." சட்டைக்குள்ளிருந்து துருப்பிடித்த ஏர்க்கொழு ஒன்றை எடுத்தான். "ஊருக்கு எடுத்துக்கினு போலாம்னு..."

கொழுவைக் கண்டு லாபம் என்றவன், நாக்குப் பழக்கத்தில் முதல் வெடியையே ரெண்டு என்று சொல்லியிருக்கிறான்.

ஹவில்தார் எங்களை மறுபடி படுக்கச் சொன்னார். வெயில் ஏறிய பிறகு என் கத்தி ஒரு மரப்பெட்டியில் டொக்கென்று பட்டது. நாங்கள் நடக்கத் தொடங்கவிருந்த ஓரத்திலிருந்து அது நான்கே காலடி தூரம். அதை வெளியே எடுத்து வைத்ததும் வாந்தி எடுத்தேன்.

ஜோடியைத் திட்டியதோடு விட்டார்கள். என்னை மறுநாள் விழுப்புரத்து முகாமில் அதிகாரியின் முன் நிறுத்தினார்கள். உள்ளே வெடி இருந்தது உண்மைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். உத்தரவை இரண்டு முறை மறுத்ததும் உண்மைதானே என்றார். பதினான்கு நாள் சம்பளம் பிடித்தம். மாதம் பதினெட்டு ரூபாய்க் கணக்கில், எட்டு ரூபாய் ஆறணா.