ஜுனைதீன் நானாவின் லொறி ஏன் இழுக்கவில்லை

போன வருசம் இழுத்த லொறி, அதே எஞ்சினோடு இந்த வருசம் ஏன் இழுக்கவில்லை? மெக்கானிக் ரிஃபாஸ் ஜுனைதீன் நானாவிடம் இப்படித்தான் கேட்டான்.

யுத்தம் முடிந்ததும் புத்தளத்திலிருந்து சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்பிப் போனவர்களின் அலுமாரி, கட்டில், கதிரையெல்லாம் ஏற்றிப்போன லொறி அது. இப்போது புத்தளம் உப்பளத்தில் மூட்டை ஏற்றினால், வெளியே வருகிற மேட்டில் முதலாம் கியரிலேயே முக்கி முனகி நின்றுவிடுகிறது. உப்பு அள்ளுகிறவர்கள்தான் தள்ள வேண்டும்.

“நானா, நாளைக்கு லொறிய வீட்டுல வெச்சிட்டு வாங்க. மூட்டைய மட்டும் தள்ளுறது லேசு” என்றாள் உப்பு அள்ளுகிற அலீமா.

எல்லாரும் சிரித்தார்கள். உப்பள முதலாளி சிரிக்கவில்லை. வியாழக்கிழமைக்குள் லொறி தானாக மேடேறாவிட்டால் வேலை ட்ரக்டருக்குப் போய்விடும் என்றார்.

“எஞ்சினுக்கு டர்போ பூட்டு, பலம் கூடும்” என்று ரிஃபாஸிடம் சொன்னார் நானா.

“எஞ்சின் வேகமெடுத்த பொறகுதான் அது ஒதவும். உங்கட லொறி அதுக்கு முன்னமே நிண்டுருதே.”

“அப்ப பெரிய எஞ்சின் போடு.”

ரிஃபாஸ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். “டயர் எப்ப மாத்தினீங்க?”

உப்புத் தண்ணீரில் லொறியின் அடிச்சட்டமான சேஸி துருப்பிடிக்கும் என்று பயந்து, லொறியை உயர்த்துவதற்காக இந்த வருசம்தான் நானா பெரிய டயர்களைப் போட்டிருந்தார். பெரிய சக்கரத்தை உருட்டக் கூடுதல் இழுவை வேண்டும். எஞ்சினிடம் அது இல்லை.

பழைய டயர்கள் திரும்பி வந்தன. வியாழக்கிழமை, யாரும் தொடாமலே லொறி மேடேறியது.

“அப்ப சேஸி?” என்று கவலைப்பட்டார் நானா.

“நல்ல தண்ணியால கழுவுங்க.”

பழைய லொறிக்குப் புது எஞ்சின் தேடி அலைகிற யாரையாவது கண்டால், முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.