சட்டைப் பையில் கீழ் ஜெட்

போன மாதம் ஊட்டியில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்சி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளை ஃபியட்டை யாரோ ஸ்டார்ட் செய்தார். கறுப்புப் புகை, எரியாத பெட்ரோல் வாசனை. கீழ் ஜெட்டோடு மலையேறி வந்திருக்கிறார் என்று மூக்கே சொல்லிவிட்டது. வாய் சும்மா இருக்குமா? போய்ச் சொன்னேன். "ஏனுங்க, ஜெட்டுன்னா என்னங்க?" என்றார் அந்தத் தம்பி, ரொம்ப மரியாதையாக. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

உங்களுக்காவது சொல்கிறேன். மலையில் காற்று லேசு, பெட்ரோலும் அதற்கேற்பக் குறைவாகப் போக வேண்டும். கார்புரேட்டருக்குள் பித்தளையில் ஒரு குட்டித் திருகு, நடுவில் ஊசித் துளை. அதுதான் ஜெட். சின்னத் துளை மேலே ஓட்ட, பெரிய துளை கீழே ஓட்ட. கீழ் ஜெட்டோடு ஏறினால் புகைதான் வரும். மேல் ஜெட்டோடு சமவெளியில் விரட்டினால் சூடேறி பிஸ்டனே உருகிவிடும். அதனால் இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி மாற்றிக்கொள்வோம். வாங்கி வைத்த டீ அதற்குள் ஆறிப்போகும்.

மாற்றுவது எப்போதும் நான்தான். மலையில் இருக்கும்வரை கீழ் ஜெட் ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவில் என் சட்டைப் பையிலேயே கிடக்கும். ஓட்டுவது லிங்கம். குன்னூருக்குப் பக்கத்து எஸ்டேட் ஃபாக்டரியில் அவன் ஃபிட்டர், நான் எலக்ட்ரீஷியன். சிலோனிலிருந்து வந்த குடும்பம் அவனுடையது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் ஆள் தனி. எனக்கு ஊரில் சொந்தம் உண்டு, பேச ஆள் இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பழைய ஃபியட் இருந்தது.

தேயிலை விலை விழுந்த காலம் அது. வாடிய இலையின் வாசனை வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். மற்ற நாட்களில் ஃபாக்டரிக்குள் எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. லிங்கத்துக்கு ஒரே ஆசை: மார்கழியில் நடக்கும் மலையேற்றக் கார் பந்தயத்தில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும், அப்புறம் கீழே போய் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின வருஷம் கடைசிக்கு முந்தின இடம். எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய எஞ்சின் ஒன்று தயாராக இருந்தது.

"வாங்கிப் போடுவம். ஒரு ஞாயிறு போதும், விளங்குதா?" என்றான்.

"யாரு ஓட்டிக் கெடுத்ததோ. அந்த கனத்துக்கு நம்ம கியர்பாக்ஸ் தாங்காது லிங்கம். இருக்கறதையே கழட்டிக் கட்டிக்கலாம்" என்றேன்.

சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கலாம், ஹெட்டைச் சீவலாம், பெரிய வால்வு போடலாம் என்று அடுக்கினேன். சொன்னதெல்லாம் நிஜம்தான். சொல்லாதது ஒன்று: கட்டினால் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள். அதுவரை அவன் போகமாட்டான். அந்த ஞாயிறுகள் இல்லாமல் அந்த மலையில் என்னால் இருக்க முடியாது.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "சரி, கட்டுவம்" என்றான்.

வால்வைச் சாணைப் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து, கசிவில்லாமல் உட்கார வைக்க வேண்டும். அவன் தேய்ப்பான். மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, அடியில் விரல் வைத்துப் பார்ப்பது நான். விரல் காய்ந்தே இருக்கும். "கசியுது" என்பேன். மறுபடி தேய்ப்பான். ஒரு தடவையல்ல, நாலைந்து ஞாயிறு இப்படியே ஓட்டினேன். மார்கழியும் வந்து போனது. எஞ்சின் பலகைமேல் கிடக்க, பந்தயம் எங்களை விட்டுவிட்டு நடந்து முடிந்தது. அடுத்த ஞாயிறும் அவன் பசையை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தான்.

தை கடைசியில் ஃபாக்டரியை மூடினார்கள். அதற்கடுத்த வாரம் எஞ்சின் ஓடியது. கேத்தி ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்தது. இருவரும் சிரித்தோம். மறுநாள் காலை, கிடைத்த வேலைக்கு அவன் காரோடு கிளம்பினான். "கார் உனக்குத்தான்" என்று நானே சொல்லியிருந்தேன். வழியில் தின்ன வர்க்கி கட்டிக் கொடுத்தேன். குடிக்கத் தண்ணீர், ரேடியேட்டருக்குத் தண்ணீர், கண்ணாடி துடைக்கத் துணி, எதையும் மறக்கவில்லை. கார் வளைவில் மறைந்தபின் கை சட்டைப் பைக்குப் போனது. டப்பா இருந்தது.

பத்து நாள் கழித்து இன்லண்ட் லெட்டர் வந்தது. அனுப்புநர் இடத்தில் ஊர்ப் பெயர்கூட இல்லை.

"மேட்டுப்பாளையத்தில் வழக்கம்போல நிறுத்தினேன். டீ சொல்லிவிட்டுத்தான் ஜெட் உன் பையில் இருப்பது ஞாபகம் வந்தது. மெதுவாகப் போய்விடலாம் என்று பார்த்தேன், காரமடை தாண்டி பிஸ்டன் உருகிவிட்டது. காரை அங்கேயே எடைக்குப் போட்டேன். நீ குறை நினைக்காதே. வால்வெல்லாம் முதல் ஞாயிறே நன்றாக உட்கார்ந்துவிட்டது. எனக்கு அப்போதே தெரியும்."

ஃபாக்டரி இருந்த இடத்தில் இன்று விடுதி நிற்கிறது. கார்கள் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி தாமே மூச்சைச் சரிசெய்துகொள்கின்றன, மேட்டுப்பாளையத்தில் யாரும் நிற்பதில்லை. டப்பா என்னிடம்தான் இருக்கிறது. "கசியுது" என்று நான் பொய் சொன்னால், தெரிந்தே மறுபடி தேய்க்க ஆள் இல்லை.